பனியாற்றில் பல நாள் ஸ்கீ பயணம்: எது கோளாறானால் எங்கே பார்ப்பது

அலாஸ்காவின் கஹில்ட்னா பனியாறு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளம். டால்கீட்னா ஊரிலிருந்து கிளம்பும், ஸ்கீ பொருத்திய சிறு விமானம் அதன் தென்கிழக்குக் கிளையில் 2,200 மீட்டர் உயரத்தில் ஆளையும் மூட்டையையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து முதுகில் ஒரு பை, பின்னால் மூட்டையை வைத்து இழுக்கும் சறுக்குத் தட்டான ஸ்லெட் என்று ஸ்கீயில் ஏறினால் 2,400, 3,350, 4,330 மீட்டர் முகாம்கள் வரும். டெனாலி சிகரத்தின் மேற்குப் பக்க வழி இதுதான். 1951இல் பிராட்ஃபர்ட் வாஷ்பர்ன் குழு திறந்த வழி. சிகரம் வேண்டாம், பனியாற்றில் முகாம் போட்டுச் சறுக்கினால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் வழியில் கடை இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, மே மாதத் தொடக்கத்தில் மேல் முகாம்களில் இரவு மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும்.

இந்த மாதிரிப் பயணத்தில் கோளாறு தெரிகிற இடம் ஒன்றாகவும் அது பிறந்த இடம் வேறாகவும் இருக்கும். கால்விரல் மரத்துப்போனால் எல்லாரும் காலுறையைப் பார்ப்பார்கள். ஆனால் முந்தின நாள் ராத்திரி அடுப்பு சரியாக எரியாமல், குடிக்க வேண்டிய தண்ணீரில் பாதிதான் உருகியிருக்கும். உடம்பு வறண்டு, ரத்தம் விரல்நுனிக்குப் போவது குறைந்திருக்கும். தலைவலிக்கும் அதே கதைதான். அதனால் அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுப்பு மஞ்சளாக எரிகிறது, அல்லது தணிந்து தணிந்து எரிகிறது

இங்கே பேசுவது புட்டியில் பம்பு வைத்த பெட்ரோல் அடுப்பை. கஹில்ட்னாவில் பெரும்பாலோர் கொண்டுபோவது இதைத்தான்; ஒயிட் கேஸ் எனப்படும் சுத்திகரித்த பெட்ரோலை விமானக் கம்பெனியிடம் முன்பே சொல்லிவைத்து, விமானம் இறக்கிவிடும் அடிவார முகாமில் வாங்கிக்கொள்ளலாம். கேஸ் கேனிஸ்டரை மட்டும் நம்பிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12 எல்லை. கலவையில் இருக்கும் புரொப்பேன் முதலில் எரிந்து தீர்ந்தபின், கேனிஸ்டரைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும், மேலே தீ இருக்காது.

பெட்ரோல் அடுப்பில் உயரமான மஞ்சள் தீயும் கரியும் வந்தால் குழாய் சூடாகவில்லை என்று அர்த்தம். எரிபொருள் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது. வால்வை மூடுங்கள், தீ முழுக்க அணையட்டும், மறுபடி சூடேற்றுங்கள். சூடேற்றுவதற்கென்று அடுப்பின் அடியிலுள்ள கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் போதும். அது எரிந்து தீரப்போகும் நேரத்தில் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே திறப்பதுதான் டென்ட் எரிவதற்கான வழி.

தீ நீலமாகத்தான் இருக்கிறது, ஆனால் வலு இல்லை என்றால் பம்பை அடித்துப் பாருங்கள். கை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறதா? பம்புத் தண்டின் நுனியிலுள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. சைக்கிள் பம்பில் தோல் காய்ந்தால் காற்று ஏறாதே, அதே சங்கதி. தண்டை வெளியே இழுத்து, வாஷரின் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிலும் வெளிப்பக்கமாக விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் திரும்பச் செருகுங்கள். எண்ணெய் இல்லையென்றால் உதட்டுக்குத் தடவும் பாம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பத்துப் பதினைந்து அடியில் பம்பு கனக்கத் தொடங்கினால் சரியாகிவிட்டது.

பம்பு கனக்கிறது, தீ மட்டும் சிறுத்துப் போகிறது என்றால் எரிபொருள் பீறிட்டு வரும் ஜெட் துளை அடைத்திருக்கிறது. உள்ளே ஆடும் ஊசியுள்ள மாடல் என்றால் அடுப்பை மேலும் கீழுமாகக் குலுக்கினாலே திறந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஜெட்டைக் கழற்றி ஊசியால் குத்த வேண்டும். இந்த வேலையைப் பாத்திர மூடிக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். ஜெட் பனியில் விழுந்தால் விழுந்ததுதான்.

இணைப்பில் ஈரம் தெரிந்தாலோ வாடை வந்தாலோ பற்றவைக்கக் கூடாது. குளிரில் ரப்பர் வளையம் விறைத்திருக்கும். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, எண்ணெய் தடவி மாட்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். பெட்ரோல் இந்தக் குளிரில் உறையாது என்பதை மறக்க வேண்டாம். மைனஸ் 25 டிகிரிப் பெட்ரோல் வெறுங்கையில் பட்டால் அதே நொடியில் அந்த இடம் வெளுத்து உறைந்துவிடும். எரிபொருள் ஊற்றும்போது கையுறை கட்டாயம்.

அடுப்பு சாய்ந்து சாய்ந்து அணைகிறதா? அடியில் பனி உருகிக் குழி விழுகிறது. ஒரு சிறு பிளைவுட் பலகை இந்தத் தொல்லையை முழுக்கத் தீர்க்கும். பனி உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் காய்ந்து, தண்ணீரில் தீய்ந்த வாடை வரும், எரிபொருளும் வீணாகும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி பெட்ரோல் என்று கணக்கு வையுங்கள். குழுவுக்கு இரண்டு பம்பு. இதில் மட்டும் எடை பார்க்க வேண்டாம்.

தலைவலி

இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்று காரணங்களும் ஒரே முகத்தோடு வரும்.

முதல் கேள்வி: அடுப்பு எரியும்போது தொடங்கியதா? டென்டில் இருக்கும் இன்னொருவருக்கும் அதே நேரத்தில் தலை கனக்கிறதா? ஆம் என்றால் கார்பன் மோனாக்சைடு. அடுப்பை அணைத்து, இருவரும் வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள். பனி பெய்யும் ராத்திரியில் டென்டின் கீழ் விளிம்பு மூடிக்கொள்ளும், முன்திண்ணையில் அடுப்பு எரிந்தாலும் வாயு உள்ளே தேங்கும். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவான உயரத்தில் கொஞ்சம் வாயுவே ஆளைச் சாய்த்துவிடும். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். என்னைக் கேட்டால், வானிலை இடம் கொடுக்கும்போதெல்லாம் சமையலுக்குத் தனிக் குழி வெட்டி, அதன்மேல் அடித்துணி இல்லாத ஒற்றைக்கால் கூடாரம் போடுவதே மேல்.

இரண்டாவது: காலையிலிருந்து எவ்வளவு குடித்தீர்கள்? சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று மெல்லக் குடித்து, ஒரு மணி நேரம் உட்காருங்கள். பனியாற்றில் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். 2,400 மீட்டர் முகாமில் மதியம் சட்டையோடு உட்கார்ந்தே வேர்க்கும், அந்த வேர்வை கணக்கில் வராமலே போகும்.

மூன்றாவது உயரம். தலைவலியோடு குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கமின்மை சேர்ந்தால் மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. டெனாலி துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் அதே உயரமுள்ள இமயமலை இடத்தைவிடக் குறைவு. 4,330 மீட்டர் முகாமில் உடம்பு உணர்வது அதற்கும் மேலான உயரத்தை. நோய் தெரிந்தால் மேலே போவதை நிறுத்துங்கள். ஒரு நாளில் தணியவில்லையென்றால் இறங்குங்கள்.

இரண்டு சோதனைகளை உடனே செய்யலாம். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டிவைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமலில் ஈரச் சத்தம் கேட்கிறது என்றால் நுரையீரலில் நீர். இரண்டுக்குமே மருந்து இறக்கம்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மே, ஜூனில் அங்கே ராத்திரி முழுதாக இருட்டுவதும் இல்லை. மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெதசோன் போன்ற மாத்திரைகளை மருத்துவர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி தரலாம், ஆனால் மாத்திரை கொடுத்துவிட்டு அங்கேயே தங்குவது தவறு. சீசனில் 4,330 மீட்டர் முகாமில் பூங்கா ரேஞ்சர்கள் இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை ரொம்ப நம்ப வேண்டாம். குளிர்ந்த விரலில் அது தப்பாகவே காட்டும்.

ஸ்கின் ஸ்கீயை விட்டுக் கழன்று வருகிறது

ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீக்கு அடியில் ஒட்டும், ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் முடியும் உள்ள பட்டைதான் ஸ்கின். பெரும்பாலும் வால் பக்கம்தான் முதலில் பிரியும். பிரிந்த இடத்தில் பனி நுழையும், பசைமேல் பனி ஒட்டினால் மேலும் பிரியும். பத்து அடிக்குள் நிறுத்திப் பாருங்கள். அடுத்த ஓய்விடம்வரை இழுத்துப் போனால் பசை முழுக்கப் போயிருக்கும்.

ஸ்கீயின் அடிப்பாகத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, ஜாக்கெட் கையால் அழுத்தித் துடையுங்கள். ஸ்கின் பசையிலுள்ள பனியை விரலால் தேய்த்தால் அது உருகி ஈரமாகும், அதனால் தட்டியும் சுரண்டியும் எடுங்கள். பிறகு ஸ்கின்னை மடித்து ஜாக்கெட்டுக்குள், நெஞ்சோடு ஒட்டினாற்போல் கால் மணி நேரம் வையுங்கள். சூடான பசை திரும்பப் பிடிக்கும். அதற்கும் ஒட்டாவிட்டால் ரப்பர் ஸ்ட்ராப்பால் ஸ்கீயையும் ஸ்கின்னையும் சேர்த்து இரண்டு இடத்தில் கட்டிவிட்டு நடக்கலாம். ஆளுக்கு நான்கு ஸ்ட்ராப் இருந்தால் பாதிப் பழுதுகளுக்கு விடை கையில் இருக்கிறது.

ஸ்கின்னுக்கு அடியில் பனிக்கட்டி கட்டி கட்டியாகச் சேர்ந்து குதிகால் உயர்ந்துபோவது வேறு கோளாறு. நிழலிலிருந்து வெயிலுக்கு, வெயிலிலிருந்து நிழலுக்கு மாறும் இடங்களில் வரும். நனைந்த முடியில் குளிர்ந்த பனி ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு ஸ்கீயின் விளிம்பால் வழித்துவிட்டு, ஸ்கின் மெழுகை முடி படியும் திசையிலேயே தேயுங்கள். காலையிலேயே தேய்த்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ராத்திரி ஸ்கின்கள் டென்டின் உச்சிக் கயிற்றில் தொங்கட்டும். மேல் முகாம்களில் அவை உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள்தான் தூங்க வேண்டும்.

பூட்ஸ் பைண்டிங்கில் மாட்டுவதில்லை, அல்லது மாட்டியது நடுவழியில் கழல்கிறது

பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் கருவிதான் பைண்டிங். 1980களில் ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கிய, இரண்டு ஊசிகள் பூட்ஸ் நுனியைக் கவ்வும் பைண்டிங்தான் இன்று பெரும்பாலும். கவ்வும் தாடைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும் பள்ளத்தில் பனி இறுகி ஐஸாகிவிடும். தாடை முக்கால்வாசி மூடி நிற்கும். பார்க்க மாட்டியது போலவே இருக்கும், திரும்பும்போது பட்டென்று விட்டுவிடும். ஸ்கீ கம்பின் கூர்முனையால் அந்தப் பள்ளத்தைத் தோண்டி, ஐஸ் துணுக்கு வெளியே தெறிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பூட்ஸ் நுனியின் இரு பக்கத் துளைகளிலும் பனி இருக்கும், அதையும் குத்தி எடுங்கள். மாட்டியபின் குதிகாலைத் தூக்கி, பூட்ஸை ஐந்தாறு முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஏறும்போது பூட்டு நெம்புகோல் எத்தனை கிளிக் மேலே வருகிறது என்று பழக்கத்தில் தெரிந்திருக்கும். ஒரு கிளிக் குறைந்தாலும் உள்ளே இன்னும் ஐஸ் இருக்கிறது.

ஸ்லெட் கவிழ்கிறது, இறக்கத்தில் முட்டுகிறது

கனமானவை அடியில், நடுவில். டென்ட், ஸ்லீப்பிங் பேக் மேலே. குவித்துக் கட்டினால் முதல் சரிவிலேயே புரளும். இறங்கும்போது முட்டாமலிருக்க ஸ்லெட்டின் அடியில் குறுக்காக முடிச்சுப் போட்ட கயிற்றைச் சுற்றுங்கள், பிரேக் ஆகிவிடும். இழுக்கும் கயிற்றை பிவிசி குழாய்க்குள் விட்டால் ஸ்லெட் இடைவெளி விட்டு நிற்கும்.

இதில் கட்டாயமானது ஒன்று: ஸ்லெட்டின் பின்பக்கத்தை, இழுபட்டால் கயிற்றை இறுகப் பிடிக்கும் புரூசிக் முடிச்சால், எல்லாரையும் ஒன்றாகக் கட்டியிருக்கும் குழுக் கயிற்றோடும் இணைக்க வேண்டும். நீங்கள் பனியாற்றின் ஆழமான வெடிப்பான பிளவில் விழுந்தால் நாற்பது கிலோ ஸ்லெட் உங்கள் தலைமேல் வந்து விழாமல், மேலே கயிற்றில் தொங்கி நிற்க அதுதான் வழி.

கம்பு பிடிப்பில்லாமல் இறங்குகிறது, பனியில் மங்கலான கோடு தெரிகிறது

முன்னால் போகிறவரின் கம்பு திடீரென்று எதிர்ப்பில்லாமல் இறங்கினால் கீழே வெற்றிடம். லேசாகத் தாழ்ந்த, சுற்றுப் பனியிலிருந்து ஒரு சாயல் மாறிய நீளப் பட்டை தெரிந்தாலும் அதே சந்தேகம். நில்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர் கயிற்றை இறுக்கட்டும். வந்த தடத்திலேயே பின்வாங்கி, பனியைக் குத்தி ஆழம் பார்க்கும் புரோப் கம்பியால் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். கடப்பது எப்போதும் செங்குத்தாக, ஒவ்வொருவராக. பிளவுக்கு இணையாகப் போனால் முழுக் குழுவும் பிளவை மூடியிருக்கும் ஒரே பனிப் பாலத்தின்மேல் நிற்கும்.

மூவர் குழுவில் ஆளுக்கு ஆள் 12 முதல் 15 மீட்டர். இருவர் மட்டும் என்றால் 18, 20 மீட்டர் விட்டு, இடையில் பட்டாம்பூச்சி முடிச்சுகள் போடுங்கள். விழுந்தவரின் எடையில் கயிறு பிளவின் உதட்டை அறுத்துக்கொண்டு இறங்கும்போது முடிச்சு பனியில் மாட்டி நிறுத்தும். ஒருவர் விழுந்தால் மற்றவர் விழுந்து படுத்துத் தாங்க வேண்டும். பிறகு ஸ்கீயைக் குறுக்காகப் புதைத்து நங்கூரம், அதிலிருந்து, இழுக்கும் பலத்தை மூன்று மடங்காக்கும் மூன்றுக்கு ஒன்று கப்பி. இதை ஊரில் பத்து முறை செய்து பழகாமல் இருவர் மட்டும் பனியாற்றுக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

ஜூன் பிற்பகுதியில் கீழ்க் கஹில்ட்னாவில் பகலில் பாலங்கள் இளகிவிடும். அப்போது நடப்பது ராத்திரியில், டென்ட் போட்டுத் தூங்குவது பகலில். முகாமிடத்தையும் கயிற்றோடேயே புரோப் செய்து, எல்லையில் மூங்கில் குச்சி நட்டு, அந்த எல்லைக்குள் மட்டும் கயிறு அவிழுங்கள். கழிவறைக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும்.

சரிவை ஒட்டி நடக்கையில் காலடியில் “வும்ப்” என்று அடங்கிய சத்தம் கேட்டால் அது பிளவு அல்ல, பனியடுக்கு இடிந்து அமர்வது; பனிச்சரிவுக்கான எச்சரிக்கை. 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளிலிருந்தும் அவற்றின் அடியிலிருந்தும் விலகுங்கள்.

டென்ட் ஆணி பிடிக்கவில்லை. காலையில் கூரையிலிருந்து பனித்தூள் கொட்டுகிறது

தளர்ந்த பனியில் ஆணி நிற்காது. சிறு பைகளில் பனி நிரப்பிக் கயிற்றோடு கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் பனி இறுகி, மறுநாள் கோடரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தரையையும் முதலில் ஸ்கீயோடு, பின் வெறும் பூட்ஸோடு மிதித்து, இறுகவிட்ட பிறகே டென்ட்.

உள்ளே கொட்டும் தூள் உறைந்துபோன உங்கள் மூச்சுதான். அதைத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம்: மேல் திறப்பைத் திறந்தே வையுங்கள், காலையில் அடுப்பு மூட்டுமுன் சுவரைத் துடைத்து எடுத்து வெளியே தள்ளுங்கள். சூடேறி உருகிவிட்டால் ஸ்லீப்பிங் பேக்கின் இறகில் போய்ச் சேரும். இறகுப் பை நாளுக்கு நாள் கனத்து, மெலிந்து, குளிரத் தொடங்கினால் இதுதான் காரணம். வெயில் வந்தவுடன் பையை உட்புறம் வெளியே வர டென்ட்மேல் விரித்துவிடுங்கள்.

கால்விரல் மரத்துவிட்டது, கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது

வலித்துக்கொண்டிருந்த விரல் வலியை நிறுத்தினால் பதறுங்கள். நின்று, பூட்ஸ் கொக்கிகளைத் தளர்த்தி, ஏதாவது தின்று, சூடாகக் குடித்து, காலை வீசி ஆட்டுங்கள். உணர்வு வரவில்லையென்றால் முகாம் போட்டு, கூட வருகிறவரின் வயிற்றோடு பாதத்தை ஒட்டவையுங்கள். தேய்க்கவே கூடாது. மெழுகு போல் வெளுத்து விறைத்திருந்தால் அது உறைவு. மறுபடி உறைய வாய்ப்பே இல்லாத இடத்தில்தான் 37 முதல் 39 டிகிரி தண்ணீரில் உருக்க வேண்டும். உருக்கிய பாதத்தோடு நடந்து மறுபடி உறையவிடுவது, உறைந்த பாதத்தோடு நடந்து இறங்குவதைவிட மோசம்.

கண் உறுத்தல் வெயில் பட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில் வரும். மேகமூட்டமான நாளிலும் வரும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி, கண்ணைக் கட்டி, குளிர்ந்த துணி வைத்து, வலி மாத்திரை போட்டுப் படுங்கள். ஒன்றிரண்டு, அதிகம் போனால் மூன்று நாளில் தெளியும். வெயில் கண்ணாடி ஆளுக்கு இரண்டு.

விமானம் வரவில்லை

திரும்பும்போது அடிவார முகாமுக்கு முன்னால் ஒரு கடைசி ஏற்றம் இருக்கிறது, அதன் பெயரே ஹார்ட்பிரேக் ஹில். அதை ஏறி வந்தபின் மேகம் மூடி, நாட்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். இதற்கான வேலையை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: சில நாள் சாப்பாடும் எரிபொருளும் அங்கேயே, குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே நீளமான மூங்கில் குச்சியில் குழுப் பெயரும் திரும்பும் தேதியும். ஆழம் குறைந்தால் அண்டங்காக்கைகள் தோண்டி எடுத்துவிடும். குச்சி குட்டையாக இருந்தால் புதுப்பனியில் மறைந்துவிடும்.

புதுப்பனி விழுந்திருந்தால் ஓடுதளம் இளகிக் கிடக்கும். காத்திருக்கும் குழுக்கள் எல்லாம் வரிசையாக நின்று ஸ்கீயால் அதை மேலும் கீழுமாக மிதித்து இறுக்குவது அங்கே வழக்கம், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். வானம் வெளுத்ததைப் பார்த்து டென்டைப் பிரிக்க வேண்டாம். டால்கீட்னாவில் விமானம் கிளம்பிவிட்டது என்று முகாம் பொறுப்பாளர் சொன்னபிறகு பிரித்தால் போதும், நேரம் இருக்கும்.